ஸ்டாண்ட்பை கார்டு இருந்தும் சர்வீஸ் ஏன் போனது?

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான்: உங்கள் டிரான்ஸ்மிஷன் ரேக்கில் (தொலைத்தொடர்பு சிக்னல்களைச் சுமக்கும் பெட்டிகள் அடுக்கிய சட்டம்) ஒரு கார்டு, அதாவது செருகிக் கழற்றக்கூடிய மின்னணுப் பலகை, செத்துப்போனது, அதே ஷெல்ஃபில் மாற்றுக் கார்டு பச்சை விளக்கோடு உட்கார்ந்திருந்தது, ஆனாலும் 22 நிமிடம் சர்வீஸ் இல்லை, அப்படியானால் இந்த ஸ்டாண்ட்பை கார்டு என்னதான் செய்கிறது, அதற்குச் செலவழிப்பதில் அர்த்தம் உண்டா? மேலோட்டமாகப் பார்த்தால் கார்டைப் பற்றிய கேள்விதான். ஆனால் இதற்குள் வேறு இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒரு கார்டு செத்துவிட்டது என்று அந்தப் பெட்டிக்கு எப்படித் தெரிகிறது? தெரிந்தபிறகு டிராஃபிக் எந்தப் பாதையில் அடுத்த கார்டுக்குப் போய்ச் சேருகிறது? பதினேழு வருடமாக டிரான்ஸ்மிஷன், ரூட்டர் பராமரிப்பில் இருக்கிறேன். மாற்றுக் கார்டு வைத்தும் சர்வீஸ் போன இடங்களில் நான் பார்த்தவரை, மாற்றுக் கார்டே கெட்டுப்போயிருந்தது குறைவு. இந்த இரண்டு கேள்விகளில் ஒன்றுக்கு யாரும் பதில் தேடி வைக்காமல் விட்டதுதான் அதிகம்.

முதலில் ஒரு கார்டு போனால் எவ்வளவு போகும் என்று பாருங்கள், ஏனென்றால் எதற்கு எவ்வளவு பாதுகாப்பு என்பதை அதுதான் முடிவு செய்கிறது. இ1 என்பது பல தொலைபேசி அழைப்புகளைச் சேர்த்துச் சுமக்கும் அடிப்படை லிங்க், ஓர் இ1 லிங்கில் 30 பேச்சுச் சேனல்கள். பழைய எஸ்டிஎச் (பல இ1-களைச் சேர்த்து ஒரே ஃபைபரில் அனுப்பும் முறை) சாதனங்களில் 63 இ1 கொண்ட கார்டு சாதாரணம், அது ஒன்று விழுந்தால் 1,890 அழைப்புகளுக்கான இடம் போகிறது. அதே முறையின் பெரிய வேகங்களில் ஒன்றான எஸ்டிஎம்-16 ஆப்டிகல் கார்டு என்றால் 1,008 இ1, அதாவது முப்பதாயிரத்துக்கும் மேல். கிராஸ் கனெக்ட் கார்டு (எந்தச் சிக்னல் எந்தக் கார்டுக்குப் போக வேண்டும் என்று இணைத்துவிடுவது) என்றால் அந்தப் பெட்டி வழியாகப் போகும் எல்லாமே. அதனால் ஒரே பெட்டிக்குள்ளேயே வெவ்வேறு கார்டுக்கு வெவ்வேறு விதமான பாதுகாப்பு இருக்கும். விற்பனைத் தாளில் "புரொடெக்ஷன் உண்டு" என்று ஒற்றை வரி போட்டிருந்தால் அது பெட்டி முழுவதற்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

1+1 என்று சொல்வதில் இரண்டு கார்டும் எப்போதும் வேலை செய்கின்றன. ஒரே சிக்னலின் இரண்டு பிரதிகள் இரண்டு கார்டு வழியாகவும் போகின்றன, வாங்குகிற பக்கம் எது நன்றாக இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்கிறது. மாற வேண்டிய நேரத்தில் செய்ய வேண்டியது ஒரு தேர்வை மாற்றுவது மட்டுமே, எதையும் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை, அதனால்தான் இது வேகமானது. எஸ்டிஎச் உலகத்தில் கோளாறு தெரிந்ததிலிருந்து 50 மில்லி விநாடிக்குள் மாறிவிட வேண்டும் என்பதுதான் கணக்கு. பேசிக்கொண்டிருப்பவருக்கு ஒரு சின்ன 'டிக்' கேட்கலாம், கேட்காமலும் போகலாம். ஒரு திசை மட்டும் மாறினால் போதும் என்று வைத்தால் எதிர்ப் பக்கத்தோடு பேசக்கூடத் தேவையில்லை. இரண்டு திசையும் சேர்ந்து மாற வேண்டுமென்றால் கே1, கே2 என்ற இரண்டு பைட்டுகளில் இரு முனைகளும் பேசிக்கொள்ளும். செலவு இரட்டிப்பு, அதை மறைக்க முடியாது.

1:என் என்பது வேறு. நான்கோ எட்டோ கார்டுக்குப் பொதுவாக ஒரு கார்டு சும்மா காத்திருக்கும். யார் விழுகிறார்களோ அவருடைய வேடத்தை அது போட்டுக்கொள்ள வேண்டும். விழுந்த கார்டின் கட்டமைப்பு முழுவதும் அதற்குள் இறங்க வேண்டும், அதோடு வெளியிலிருந்து வரும் செப்புக் கம்பிகளும் அதன் பக்கம் திரும்ப வேண்டும். இந்த இரண்டாவது வேலையை நிறையப் பேர் யோசிப்பதே இல்லை. இ1 போன்ற எலக்ட்ரிகல் இன்டர்ஃபேஸ்களில் இந்தப் பாதுகாப்பு வேண்டுமென்றால் கேபிளை நேராகக் கார்டின் முகத்தில் செருகக் கூடாது, அதற்கென்று இருக்கும் கனெக்டர் பேனலில் செருக வேண்டும். அந்தப் பேனலுக்குள் ரிலேக்கள் (மின்சாரத்தால் தானாக மாறும் சுவிட்சுகள்) இருக்கும். வேலைக் கார்டு செத்ததும் ரிலே மாறி, அந்த ஜோடிக் கம்பிகளைப் பேக்பிளேனில் (எல்லாக் கார்டும் போய்ச் செருகப்படும் பின்பலகை) ஓடும் ஒரு பொதுப் பாதையில் விடும், அந்தப் பாதை போய் முடிவது மாற்றுக் கார்டில். ஆக மூன்று விஷயம் சரியாக இருக்க வேண்டும்: ரிலே உள்ள பேனலைத்தான் வாங்கியிருக்க வேண்டும் (ரிலே இல்லாத மலிவான பேனலும் விற்கிறார்கள், வெளித்தோற்றத்தில் வித்தியாசம் தெரியாது), மாற்றுக் கார்டு அதற்கென்று ஒதுக்கிய ஸ்லாட்டில் இருக்க வேண்டும், கார்டின் வகை பொருந்த வேண்டும். 75 ஓம் கோஆக்ஸ் கேபிளுக்கும் 120 ஓம் ஜோடிக் கம்பிக்கும் தனித்தனிக் கார்டு என்றிருக்கும் சாதனத்தில் ஒன்றுக்கு மற்றது உதவாது. இன்னொன்று, ஒரு நேரத்தில் ஒரு கார்டுக்குத்தான் இந்த உதவி. இரண்டாவது கார்டு விழுந்தால் அதற்கு யாரும் இல்லை.

அடுத்ததுதான் அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது, உங்கள் இடத்தில் நடந்ததும் இதுவாக இருக்கலாம் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஆப்டிகல் கார்டில் ஃபைபர் நேராகக் கார்டின் முகத்தில்தான் செருகப்படுகிறது. நடுவில் ரிலே கிடையாது, பேக்பிளேனுக்கும் அந்த ஒளிக்கும் சம்பந்தம் கிடையாது. கார்டு செத்தால் ஃபைபர் அந்தச் செத்த கார்டோடு முடிந்துவிடுகிறது. பக்கத்து ஸ்லாட்டில் அதே மாதிரிக் கார்டை எவ்வளவு நாள் வைத்திருந்தாலும் அதற்கு ஒளி போய்ச் சேர வழியே இல்லை. ஆப்டிகல் கார்டுக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் ஒன்று, இரண்டாவது கார்டிலிருந்து தனியாக இரண்டாவது ஃபைபர் ஜோடி எதிர்முனை வரை போக வேண்டும், அந்தப் பக்கமும் இரண்டு கார்டு இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒய் வடிவக் கேபிள் போட்டு ஒரே ஃபைபரை இரண்டு கார்டுக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஒய் கேபிளில் ஒளி இரண்டாகப் பிரிவதால் 3 டெசிபலுக்குக் கொஞ்சம் மேலேயே இழப்பு வரும், லிங்க் ஏற்கெனவே விளிம்பில் ஓடிக்கொண்டிருந்தால் அது தாங்காது. ஸ்டாண்ட்பை கார்டின் லேசரும் அணைந்தே இருக்க வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில் எரிந்தால் எதிர்முனையில் இரண்டு ஒளியும் கலந்து எதுவும் புரியாது. இந்த ஏற்பாடு எதுவும் இல்லாமல் ஸ்லாட்டில் வெறுமனே செருகி வைத்த ஆப்டிகல் கார்டு, ஸ்டோரில் இருக்க வேண்டிய உதிரிக் கார்டு ஷெல்ஃபில் இருக்கிறது, அவ்வளவுதான். யாராவது வந்து ஃபைபரைக் கழற்றி அதில் மாட்டும் வரை அது எதையும் காப்பாற்றாது. 22 நிமிடம் என்று நீங்கள் சொன்னதும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான், அலாரம் பார்த்து, ஆள் வந்து, ஃபைபர் மாற்றி முடிக்க ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும்.

கன்ட்ரோலர் கார்டு விஷயத்தில் இன்னொரு குழப்பம். டிராஃபிக்கைச் சுமக்கும் பகுதியும் அதை நிர்வகிக்கும் பகுதியும் வேறு வேறு. பல எஸ்டிஎச் பெட்டிகளில் கன்ட்ரோலர் கார்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாலும் ஓடுகிற டிராஃபிக் ஓடிக்கொண்டேதான் இருக்கும், புதிதாக எதையும் மாற்ற முடியாது, அலாரம் தெரியாது, அவ்வளவுதான். கிராஸ் கனெக்ட் கார்டைக் கழற்றினால் கதை வேறு. இரண்டையும் ஒரே கார்டில் வைத்திருக்கும் சாதனங்களும் உண்டு, அதனால் உங்கள் பெட்டியில் எது எங்கே இருக்கிறது என்பதை அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ரூட்டரில் ஸ்டாண்ட்பை கன்ட்ரோலர் எந்த அளவுக்கு விழித்திருக்கிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். மின்சாரம் மட்டும் பெற்றுத் தூங்கிக்கொண்டிருந்தால், முதன்மைக் கார்டு விழுந்தபிறகு அது சாஃப்ட்வேரை ஏற்றி, கட்டமைப்பைப் படித்து, லைன் கார்டுகளை (வெளி லிங்குகள் வந்து சேரும் கார்டுகள்) எழுப்பி, பக்கத்து ரூட்டர்களோடு மறுபடி அறிமுகமாகி, எல்லாப் பாதைகளையும் கற்றுக்கொண்டு முடிக்கப் பல நிமிடங்கள் ஆகும். முழுதாக விழித்திருந்து ஒவ்வொரு மாற்றத்தையும் உடனுக்குடன் பிரதி எடுத்துக்கொண்டிருந்தால் லைன் கார்டுகளுக்கு மாற்றம் நடந்ததே தெரியாது. ஆனால் அப்போதும் பக்கத்து ரூட்டர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது. ரூட்டர்கள் பாதைகளைப் பகிர்ந்துகொள்ளும் மொழிகள் ஓஎஸ்பிஎஃப், பிஜிபி. ஓஎஸ்பிஎஃப் வழக்கமாக 40 விநாடி பதில் இல்லையென்றால் அண்டை ரூட்டர் போய்விட்டது என்று முடிவு கட்டும், பிஜிபிக்குப் பரிந்துரைக்கப்பட்ட அளவு 90 விநாடி. அதற்குள் புதிய கன்ட்ரோலர் பேசத் தொடங்கினாலும் பழைய உரையாடலின் நினைவு இல்லாமல் புதிதாக "வணக்கம்" சொன்னால், அந்தப் பக்கம் உறவை முறித்து எல்லாப் பாதைகளையும் தூக்கிப் போட்டுவிடும். இதைத் தவிர்க்கத்தான் கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட் என்ற ஏற்பாடு வந்தது, ஓஎஸ்பிஎஃப்-க்கு 2003-இலும் பிஜிபிக்கு 2007-இலும் அதற்கான ஆர்எஃப்சிகள் (இணையத் தர ஆவணங்கள்) வெளியாயின. "கொஞ்சம் பொறு, நான் எழுந்து வருகிறேன், அதுவரை பழைய பாதையிலேயே அனுப்பு" என்று பக்கத்து ரூட்டரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது. இது இரண்டு பக்கமும் இயக்கப்பட்டிருக்க வேண்டும். உங்கள் பக்கம் மட்டும் இயக்கி வைத்தால் பயன் இல்லை.

ஸ்விட்ச் ஃபேப்ரிக் கார்டுகள் (ரூட்டருக்குள் ஒரு லைன் கார்டிலிருந்து இன்னொன்றுக்கு டிராஃபிக்கைக் கடத்துபவை), மின்விசிறிகள் பற்றிப் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை, அவை எல்லாம் சேர்ந்து சுமையைப் பகிர்ந்துகொள்ளும், ஒன்று போனால் மிச்சம் இருப்பவை இழுத்துக்கொள்ளும். பவர் சப்ளையில் மட்டும் ஒரு வார்த்தை. மைனஸ் 48 வோல்ட் ஏ, பி என்று இரண்டு பாதையில் வருகிறது. சாதாரண நாளில் ஆளுக்குப் பாதி சுமை. ஒரு பாதை போனால் மற்றது முழுச் சுமையையும் தாங்க வேண்டும். பாதிச் சுமையை மனத்தில் வைத்து பிரேக்கர் போட்டிருந்தால் அந்த நொடியே அதுவும் விழும், இரண்டு பாதையும் கடைசியில் ஒரே பிரேக்கரில் போய் முடிந்தாலும் அதே கதிதான். இதை ஏதோ ஏட்டில் இருக்கும் எச்சரிக்கையாக நினைக்காதீர்கள், ரேக்கின் பின்னால் போய்க் கேபிளைக் கையால் தொடர்ந்து போய்ப் பாருங்கள்.

சரி, இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன், எனக்கு இதுதான் முக்கியமாகத் தெரிகிறது. கார்டு செத்ததைப் பெட்டி எப்படி அறிகிறது? சுத்தமான சாவு என்றால் கவலையே இல்லை. கார்டைக் கழற்றிவிட்டால் அது இருக்கிறது என்று சொல்லும் கனெக்டர் ஊசியின் (பின்) தொடர்பு அறுந்துவிடும். கார்டின் பவர் போனால் அதற்கென்று ஒரு சிக்னல் உண்டு. அதன் பிராசஸர் உறைந்து போனால் வாட்ச்டாக் டைமர் (பிராசஸர் அவ்வப்போது தொட்டுக்கொண்டே இருக்க வேண்டிய கடிகாரம்) காலாவதியாகும், கன்ட்ரோலருக்கு வர வேண்டிய இதயத்துடிப்புச் செய்தி நின்றுபோகும். வரும் சிக்னல் மோசமானால் பிழை எண்ணிக்கை காட்டிக்கொடுக்கும். வழக்கமாக ஆயிரத்தில் ஒரு பிட் பிழையானால் சிக்னல் செத்ததாகவும், பத்து லட்சத்தில் ஒன்று என்றால் சிக்னல் கெட்டுவருகிறது என்றும் கணக்கு. பிரச்சினை எல்லாம் அரை உயிரோடு இருக்கும் கார்டில்தான். பிராசஸர் ஒழுங்காகத் துடித்துக்கொண்டிருக்கும், விளக்கு பச்சையாக இருக்கும், ஆனால் பாக்கெட்டைக் கையாளும் சில்லில் நினைவகத்தின் ஒரு பிட் புரண்டு போயிருக்கும், அதனால் சில முகவரிகளுக்குப் போகும் பாக்கெட் மட்டும் காணாமல் போகும். அல்லது பேக்பிளேன் பக்கத்து இணைப்பு சூடாகும்போது மட்டும் விட்டுவிட்டுப் பிழை கொடுக்கும். பெட்டியின் பார்வையில் இது நோயே இல்லை, அதனால் மாறவும் மாறாது. வாடிக்கையாளர் போன் செய்துதான் நமக்குத் தெரியவரும். இப்படிப்பட்ட நேரத்தில் மனிதர் போய்க் கட்டளை கொடுத்து மாற்ற வேண்டியிருக்கும், அதற்கான நேரமும் உங்கள் 22 நிமிடத்துக்குள் பொருந்தும்.

இதற்கு எதிர்த் திசையிலும் ஒரு தொல்லை உண்டு. கண்டுபிடிப்பை ரொம்பக் கூர்மையாக வைத்தால் சின்னத் தும்மலுக்கெல்லாம் மாறிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு மாற்றமும் ஒரு குட்டி வெட்டு. அதனால்தான் கார்டு சரியானதும் உடனே பழைய கார்டுக்குத் திரும்பாமல் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பும்படி வைக்கிறார்கள், வழக்கமாக 5 நிமிடம். இன்னும் மோசமானது, இரண்டு கன்ட்ரோலருக்கும் நடுவில் உள்ள தொடர்பு மட்டும் அறுந்து, இருவரும் "அவன் செத்துவிட்டான், நான்தான் தலைவன்" என்று நினைத்துக்கொள்வது. நல்ல வடிவமைப்பில் இதற்கென்று தனி வன்பொருள் இணைப்பு இருக்கும், ஒரு நேரத்தில் ஒருவர்தான் தலைமையைப் பிடிக்க முடியும். சாஃப்ட்வேர் செய்தியை மட்டும் நம்பியிருக்கும் ஜோடிகளில் இந்த அபாயம் உண்மையாகவே உண்டு.

கண்டுபிடிப்பு ஏன் இவ்வளவு முக்கியம் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொண்டவை, உங்கள் கார்டுக்கு உற்பத்தியாளர் தரும் எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஒரு கார்டு சராசரியாக 2,00,000 மணி நேரத்துக்கு ஒருமுறை கெடுகிறது, கெட்டால் 4 மணி நேரத்தில் மாற்றிவிடுகிறோம் என்று வையுங்கள். (2,00,000 மணி என்றால் ஏறக்குறைய 23 வருடம், ஆனால் கார்டு 23 வருடம் உழைக்கும் என்று இதற்கு அர்த்தமில்லை, 100 கார்டு வைத்திருந்தால் வருடத்துக்கு நான்கைந்து போகும் என்று அர்த்தம்.) தனிக் கார்டாக இருந்தால் வருடத்துக்குச் சராசரியாக 10.5 நிமிடம் சர்வீஸ் இருக்காது. 99.999 சதவீதம் என்று எல்லோரும் கேட்கிற அளவுக்கு வருடத்தில் 5.26 நிமிடம்தான் அனுமதி, ஆகவே தனிக் கார்டு தேறாது. இப்போது இரண்டாவது கார்டு போட்டு, எல்லாக் கோளாறும் தவறாமல் கண்டுபிடிக்கப்பட்டு மாறிவிடுகிறது என்று கொண்டால், வருடத்துக்கு ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இழப்பு வரும். அழகான எண். ஆனால் நூறு கோளாறில் ஐந்தைப் பெட்டி கண்டுபிடிக்கவில்லை, அதை மனிதர் வந்து அதே 4 மணி நேரத்தில் சரிசெய்கிறார் என்று மட்டும் மாற்றிப் பாருங்கள். இழப்பு வருடத்துக்கு 32 விநாடிக்குத் தாவுகிறது, ஏறக்குறைய 2,500 மடங்கு. ஆக இரண்டாவது கார்டு போட்டபிறகு, மூன்றாவது கார்டு பற்றி யோசிப்பது வீண். அந்த ஐந்தை நான்காகக் குறைப்பதில்தான் பலன் இருக்கிறது.

இதே கணக்கில் இன்னொரு முனையும் உண்டு. சும்மா காத்திருக்கும் கார்டு யாருக்கும் தெரியாமல் செத்துக் கிடக்கலாம். வருடத்துக்கு ஒருமுறைதான் சோதிக்கிறோம் என்றால், அது செத்துக் கிடக்கும் சராசரிக் காலம் ஆறு மாதம், தேவைப்படும் நேரத்தில் அது வேலை செய்யாமலிருக்க நூற்றுக்கு இரண்டுக்குக் கொஞ்சம் மேல் வாய்ப்பு. மாதம் ஒருமுறை சோதித்தால் அது நூற்றுக்கு 0.2-க்கும் கீழே இறங்கிவிடும். இதற்குச் செலவு எதுவும் இல்லை, இரவில் அரை மணி நேரம் தவிர.

எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன், இன்றைக்கும் நினைத்தால் வயிற்றைப் பிசையும். வேலைக்குச் சேர்ந்து நான்காவது வருடம். ஓர் இரவு 63 இ1 கார்டு ஒன்று போனது, 1:4 பாதுகாப்பு, மாற்றுக் கார்டு கச்சிதமாக எடுத்துக்கொண்டது, ஒரு வாடிக்கையாளருக்கும் எதுவும் தெரியவில்லை. நான் உதிரிக் கார்டோடு போனேன். ஷெல்ஃபின் பின்பக்க விளக்கு எரியவில்லை, கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு ஸ்லாட் எண்ணை எண்ணினேன், முதல் ஸ்லாட் 0-விலிருந்து தொடங்குகிறது என்பதை மறந்துவிட்டேன். கெட்டுப்போனதற்கு அடுத்த கார்டை, நன்றாக ஓடிக்கொண்டிருந்த கார்டை, உருவிவிட்டேன். மாற்றுக் கார்டு ஏற்கெனவே ஒருவரைச் சுமந்துகொண்டிருந்தது, இரண்டாவது ஆளுக்கு இடமில்லை. 63 லிங்க் ஒரே நொடியில் விழுந்தன. பதற்றத்தில் கார்டைத் திரும்பச் செருகி, அது எழுந்து வர ஆறேழு நிமிடம் ஆனது. வன்பொருள் தன் வேலையைப் பிசகாமல் செய்த இரவில் சர்வீஸைத் தள்ளிவிட்டது என் கைதான். அதிலிருந்து ஒரு பழக்கம்: கார்டைத் தொடுவதற்கு முன் சாஃப்ட்வேரிலிருந்து அந்தக் கார்டின் விளக்கைச் சிமிட்ட வைப்பேன், சிமிட்டுகிற கார்டை இன்னொருவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்வேன், பிறகுதான் நெம்புகோலில் கை. பல புதிய ஷெல்ஃப்களில் இதற்கே நீல விளக்கு இருக்கிறது, அட்வான்ஸ்டுடிசிஏ என்ற பொதுத் தரத்தில் செய்த ஷெல்ஃப்களில் கைப்பிடியைத் திறந்ததும் அது சிமிட்டத் தொடங்கி, கார்டு எல்லா வேலையையும் ஒப்படைத்துவிட்டு அணைந்தபிறகு நிலையாக எரியும். நிலையாக எரியும் வரை கையை எடுத்துவிட்டுப் பொறுமையாக இருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியில் கார்டைச் செருகவும் கழற்றவும் முடிவதே கனெக்டரில் பின்கள் வெவ்வேறு நீளத்தில் இருப்பதால்தான்: தரை இணைப்பு முதலில் தொடும், பவர் அடுத்து, சிக்னல் அதற்கும் பிறகு, பவர் உள்ளே பாயும் வேகத்தைக் கார்டில் உள்ள ஒரு சுற்று மட்டுப்படுத்தும். கோணலாகச் செருகி ஒரு பின் வளைந்துவிட்டால் அது பேக்பிளேனில் வளைகிறது, பேக்பிளேனுக்கு மாற்று கிடையாது, முழு ஷெல்ஃபையும் நிறுத்தித்தான் மாற்ற வேண்டும்.

இரட்டைக் கார்டு எதைக் காப்பாற்றாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு கார்டிலும் ஓடுவது ஒரே சாஃப்ட்வேர். முதலாவதை விழவைத்த அதே செய்தி இரண்டாவதுக்கும் வந்தால் அதுவும் விழும். 1965-இல் பெல் நிறுவனம் நியூ ஜெர்சியின் சக்கசன்னாவில் தன் முதல் பெரிய மின்னணு எக்ஸ்சேஞ்சான 1ஈஎஸ்எஸ்-ஐச் சேவைக்குக் கொண்டுவந்தபோது அவர்கள் வைத்த இலக்கு 40 வருடத்தில் மொத்தம் 2 மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்பது, அதற்காக மத்தியக் கட்டுப்பாட்டு அலகை இரட்டையாக வைத்து இரண்டும் ஒரே வேலையைச் செய்து விடையை ஒப்பிட்டுக்கொள்ளும்படி செய்தார்கள். என்னை இன்னும் வியக்கவைக்கும் வடிவமைப்பு அது. அதே மரபில் வந்த 4ஈஎஸ்எஸ் எக்ஸ்சேஞ்சுகள் 114, ஏடி அண்ட் டியின் நெடுந்தொலைவு வலையில், 1990 ஜனவரி 15 அன்று ஒன்றையொன்று மாறிமாறி விழவைத்தன. ஓர் எக்ஸ்சேஞ்ச் தன்னைச் சரிசெய்துகொண்டு "நான் திரும்பிவிட்டேன்" என்று சொன்ன செய்தியைக் கையாளும் நிரலில் பிழை, அதனால் அந்தச் செய்தியைக் கேட்டவர்களும் விழுந்து எழுந்து அதே செய்தியை அனுப்பினார்கள், சுமார் 9 மணி நேரம் வலை தள்ளாடியது. வன்பொருள் எதுவும் சாகவில்லை. கூடுதல் கார்டு எத்தனை வைத்திருந்தாலும் அன்றைக்கு உதவியிருக்காது.

உங்கள் சம்பவத்துக்குத் திரும்பினால், உறுதியாக நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: 22 நிமிடம் என்பது தயாராகக் காத்திருந்து தானாக மாறும் எந்த முறைக்கும் பொருந்தாத நேரம். 1+1 என்றால் மில்லி விநாடிக் கணக்கு, 1:என் ரிலே மாற்றமும் அதைவிட ரொம்ப அதிகம் எடுக்காது, விழித்திருக்கும் கன்ட்ரோலர் என்றால் விநாடிகள். ஆகவே தானியங்கி மாற்றம் நடக்கவே இல்லை, அல்லது தூங்கிக்கொண்டிருந்த கன்ட்ரோலர் எழுந்து வர அவ்வளவு நேரம் ஆனது. இதில் எது என்பதை இங்கிருந்து சொன்னால் அது ஊகம்தான். எந்தக் கார்டு எதற்கு மாற்று என்று சொல்லும் புரொடெக்ஷன் குரூப் கட்டமைக்கப்படாமலேயே கார்டு ஸ்லாட்டில் இருந்திருக்கலாம், இது நான் பலமுறை பார்த்தது, கார்டைச் செருகிப் பச்சை விளக்கு வந்ததும் வேலை முடிந்தது என்று போய்விடுவார்கள். யாராவது பராமரிப்பின்போது மாற்றத்தைத் தடுத்து வைக்கும் 'லாக்அவுட்' கட்டளை கொடுத்துவிட்டு எடுக்க மறந்திருக்கலாம், அந்தக் கட்டளைக்கு முன்னால் எந்தக் கோளாறும் எடுபடாது, முன்னுரிமை வரிசையில் அதுதான் உச்சியில். இரண்டு கார்டின் ஃபர்ம்வேர் (கார்டுக்குள்ளேயே பதிந்திருக்கும் நிரல்) பதிப்பு பொருந்தாமல் ஸ்டாண்ட்பை கார்டு உள்ளுக்குள்ளேயே ஒதுங்கி நின்றிருக்கலாம். அரை உயிர்க் கார்டாகவும் இருக்கலாம். ஆப்டிகல் என்றால் மேலே சொன்ன ஃபைபர் விஷயம்.

செலவுக்கு அர்த்தம் உண்டா என்றால், கிராஸ் கனெக்ட், கன்ட்ரோலர், பவர் இவற்றுக்குத் தயங்காமல் உண்டு என்பேன், அவை விழுந்தால் பெட்டியே விழுகிறது. லைன் கார்டுக்கு, அந்த இடத்துக்கு ஆள் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். பத்து நிமிடத்தில் ஆள் போகக்கூடிய நிலையத்தில் ஸ்டோரில் ஒரு நல்ல உதிரிக் கார்டு போதுமாக இருக்கலாம், நாலு மணி நேரப் பயணம் என்றால் போதாது. ஒரே பெட்டிக்குள் எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கக் காசு இருந்தால், அதற்குப் பதிலாக முக்கியமான லிங்குகளை இரண்டு பெட்டிக்குப் பிரிப்பது பேக்பிளேனையும் சேர்த்துக் காப்பாற்றும், வாய்ப்பு இருந்தால் நான் அதைத்தான் செய்வேன். மொபைல் ரேடியோப் பக்கத்தில் நான் வேலை செய்ததில்லை, அங்கே இந்தத் தராசு வேறு மாதிரி சாயலாம்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது, டிராஃபிக் குறைந்த நேரத்தில், முன்கூட்டித் தெரிவித்துவிட்டு, கட்டளை மூலம் ஒருமுறை மாற்றிப் பாருங்கள். 'எக்ஸர்சைஸ்' என்ற கட்டளை இருந்தால் முதலில் அது, அது டிராஃபிக்கைத் தொடாமல் இரு முனைகளின் பேச்சுவார்த்தையை மட்டும் சோதிக்கும், ஆனால் ரிலேயும் தேர்வுச் சுற்றும் உண்மையில் அசைகின்றனவா என்பதை அது சொல்லாது. அதற்கு 'மேனுவல்' கட்டளை கொடுங்கள், 'ஃபோர்ஸ்டு' வேண்டாம், ஏனென்றால் மாற்றுக் கார்டின் பக்கம் கெட்டிருந்தால் மேனுவல் மறுத்துவிடும், ஃபோர்ஸ்டு பல சாதனங்களில் கேட்காமல் தள்ளிவிடும். முடித்தபிறகு கொடுத்த கட்டளையை நீக்கிவிட்டீர்களா என்று இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அன்றைய அலாரம் பதிவில் கார்டு கோளாறு பதிவான நேரம், மாற்றக் கோரிக்கை ஏதாவது பதிவாகியிருந்தால் அதன் நேரம், டிராஃபிக் திரும்பிய நேரம் இந்த மூன்றையும் கார்டின் வகையோடு இங்கே போடுங்கள், மேலே சொன்னவற்றில் எது என்று அப்போது சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.